கண்ணாடியில் தெரியும் முகம்

நிலைக்கண்ணாடி முன் ஒரு பெண் நிற்கும் நிழற்படத்தைக் கண்டதும், "தன் அழகில் தானே மயங்கி நிற்கிறாள்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். சாட்சியை விசாரியாமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு நியாயமானதுதானா?

இலண்டன் தென் கென்சிங்டனில் வாழ்ந்த கிளெமெண்டினா ஹவார்டன் சீமாட்டி, 1859 முதல் 1865இல் தமது 42ஆம் வயதில் மறையும் வரை, தம் பெண்மக்களையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். வீட்டின் மாடிக் கூடமே படப்பிடிப்பு நிலையம். சாளர வெளிச்சமே விளக்கு. பெரியதொரு நிலைக்கண்ணாடியே துணை. பல படங்களில் ஒரே பெண் இருமுறை தோன்றுகிறாள். நம்மிடமிருந்து அவள் திருப்பிக்கொண்ட முகத்தைக் கண்ணாடி நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அதன் ஈரம் உலருமுன் படம் பதித்தாக வேண்டிய காலம் அது. ஒளி பதியும்வரை, சில நொடிகளேனும், அசையாது நிற்க வேண்டும். நாம் மயக்கம் என்று எண்ணுவது, தாயின் சொல்லுக்காக மூச்சையும் அடக்கி நின்ற பொறுமையாக இருக்கலாமன்றோ?

ஒளியின் நெறியும் அப்பெண்ணின் பக்கமே பேசுகிறது. வீட்டு அலமாரிக் கண்ணாடியின் முன் இருவர் சற்று விலகிப் பக்கம்பக்கமாக நின்று பாருங்கள். கண்ணாடியின் எவ்விடத்தில் மற்றவரின் கண்களைக் காண்கிறீர்களோ, அதே இடத்தில் அவர் காண்பது உங்கள் கண்களையே. தம் முகத்தை அன்று. ஒளி போன வழியே திரும்பி வரும். ஆகவே பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில், கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெண் நம்மை நோக்குவதாகத் தெரிந்தால், அவள் தன்னைப் பார்க்கவில்லை, படக்கருவியைப் பார்க்கிறாள். இத்தகைய காட்சிகளை மக்கள் தவறாகவே புரிந்துகொள்கின்றனர் என்பதை பெர்த்தமீனி முதலிய உளவியலார் 2003இல் ஆராய்ந்து எழுதினர். தற்பெருமை உலகில் இல்லையென்று நான் வாதிடவில்லை. அதற்கு இப்படம் சான்றாகாது என்பதே என் வாதம்.

உருவங்கள் பெருகினால் உண்மை பெருகும் என்பதும் வீண் நம்பிக்கையே. 72 பாகைக் கோணத்தில் பிணைத்த இரு கண்ணாடிகளின் முன் அமர்ந்தவரை ஐவராகக் காட்டும் படங்கள் ஒரு காலத்தில் வேடிக்கைப் பொருளாய் விளங்கின. 1917இல் நியூயார்க்கில் ஓவியர் மார்செல் துஷான் அவ்வாறு எடுத்துக்கொண்டார். மேசையைச் சுற்றி ஐந்து துஷான்கள். அசல் மனிதரோ நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார்!

ஹவார்டனின் படங்கள் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1863, 1864 ஆண்டுகளில் வெள்ளிப் பதக்கங்கள் பெற்றன. அங்கே மகளிரின் பெயர்கள் இல்லை; 'உயிருருவப் பயிற்சிகள்' என்பது போன்ற பொதுத் தலைப்புகளே இருந்தன. இதைக் கண்ணியம் என்று போற்றுவோர் உண்டு. எனக்கோ இதில் ஓர் இழப்பும் தெரிகிறது. பெயரற்ற முகத்தின்மீது எவரும் எதையும் ஏற்றிச் சொல்லலாமே!

1939இல் சீமாட்டியின் பேர்த்தி 775 படங்களை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். குடும்பத் தொகுப்பேடுகளிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டமையால் அவற்றுள் பலவற்றிற்கு மூலைகள் இல்லை.