மருந்தை மறைத்த மருத்துவம்

இம்சை என்பது யாது? அடித்தலும் வதைத்தலும் கொல்லுதலும் என்று நம் இல்லத்துச் சிறுபிள்ளைகளும் விடை கூறுவர். ஒருவரைத் தீண்டாமல், கடுஞ்சொல் ஒன்றும் கூறாமல், உணவளித்துப் பரிவு காட்டிக்கொண்டே அவருக்கு இம்சை இழைக்க இயலுமா? இயலும் என்பதற்கு அமெரிக்க மருத்துவ வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் ஊரை நடுவாகக் கொண்டு, அரசின் பொதுச் சுகாதாரத் துறையினர் 1932ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சிபிலிஸ் எனப்படும் மேகநோய்க்குச் சிகிச்சை அளிக்காவிடில் உடல் எவ்வாறு சீர்குலையும் என்று இறுதிவரை கண்டறிவதே அதன் நோக்கம். கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 600 பேர் இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 399 பேர் நோயுற்றவர். 201 பேர் ஒப்பிட்டு நோக்குவதற்குச் சேர்க்கப்பட்ட நோயற்றவர். பெரும்பாலோர் ஏழைக் குத்தகை உழவர்.

நோயின் பெயர் அவர்களுக்கு உரைக்கப்படவில்லை. “உங்கள் இரத்தம் கெட்டுள்ளது, சிகிச்சை அளிக்கிறோம்” என்றே கூறப்பட்டது. இலவசப் பரிசோதனை, பரிசோதனை நாளில் உணவு, இறந்தபின் பிணத்தை அறுத்துப் பார்க்க இசைந்தால் ஈமச் செலவுக்குப் பணம் ஆகியவை வழங்கப்பட்டன. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்ததையும் சிறப்புச் சிகிச்சை என்றே அவர்கள் நம்பினர். யூனிஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினச் செவிலி அவர்களைத் தம் வண்டியில் அழைத்துச் சென்று அன்புடன் பேணினார். அவ்வன்பு பொய்யன்று, ஆயினும் அவர்களை அவ்வாய்வில் கட்டி வைத்த கயிறும் அதுவே.

1940களில் பென்சிலின் இந்நோய்க்கு உற்ற மருந்தென நிலைபெற்றது. அது இவர்களுக்கு அளிக்கப்படவில்லை. போர்க்காலத்தில் படைக்கு ஆள் எடுத்தபோது, நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சை பெறுமாறு ஆணை வந்தது. அதிலிருந்து இவர்களை விலக்கி வைக்கவும் துறையினர் ஏற்பாடு செய்தனர். கணவரிடமிருந்து மனைவியரும், தாயிடமிருந்து பிள்ளைகளும் நோயைப் பெற்றனர்.

“நோயை நாங்கள் உண்டாக்கவில்லை, இயற்கையின் போக்கை நோக்கியிருந்தோம், உலகுக்கு அறிவு கிடைத்தது” என்று வாதிடுவோர் உண்டு. நோக்குபவன் வேறு, மருத்துவன் என்று சொல்லி வருபவன் வேறு. நம்பி வந்தவனிடம் பொய் கூறி, பிறர் தரும் மருந்தையும் தடுத்தபின், அது வெறும் பார்வை ஆகாது, செயலே ஆகும். அறிவு என்ற வாதமும் நில்லாது. சிகிச்சை பெறாத நோயாளரைப் பற்றிய நார்வே நாட்டு ஆய்வு 1929இலேயே வெளிவந்திருந்தது. புத்தறிவே கிடைத்திருப்பினும், பிறன் உயிரை அவன் அறியாமல் விலையாகக் கொடுக்க எவருக்கு உரிமை உண்டு?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும் என்பது நம் அறநெறி. ஊசி எடுத்தோர் செய்தோர், ஆணையிட்டோர் செய்வித்தோர். உடன்பட்டோர் யாவர்? இவ்வாய்வு மறைவாக நடந்ததன்று. 1936 முதல் இதன் அறிக்கைகள் மருத்துவ இதழ்களில் வந்தன. படித்த மருத்துவர் மிகப் பலர் வாளாவிருந்தனர். பீட்டர் பக்ஸ்டன் என்னும் துறை ஊழியர் 1966இல் எதிர்ப்புத் தெரிவித்தார். எனினும், 1969இல் கூடிய குழு ஆய்வைத் தொடரவே முடிவு செய்தது. அவர் தந்த செய்தி 1972இல் நாளிதழ்களில் வெளிவந்த பிறகே, 40 ஆண்டுக் கொடுமை ஓய்ந்தது. 1974இல் ஒரு கோடி டாலர் இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. மனிதர் மீதான ஆய்வுகளை நெறிப்படுத்தும் சட்டமும் பிறந்தது. 1997இல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கோரியபோது, எஞ்சியிருந்தோர் எண்மரே.

இது தொலைநாட்டுச் செய்தியாயினும் நம் இல்லத்தையும் தொடுகிறது. முதியோரிடம் நோயின் பெயரை மறைத்து, மகனிடம் மட்டும் ஒப்புதல் பெறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அன்பினால் விளைவது. டஸ்கீகிக் கொடுமையோடு அதனை ஒப்பிடல் தகாது. ஆயினும், எழுபதைக் கடந்தவள் என்ற முறையில் ஒன்று கேட்பேன். மறைப்பது யார் நலனுக்காக? நோயாளியின் அமைதிக்காகவா, சொல்லும் துன்பத்திலிருந்து நாம் தப்புவதற்காகவா? என் உடலுக்கு நேர்வதை நான் அறிய வேண்டும். வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு வேண்டும்.

கையை அடக்குவது அகிம்சையின் தொடக்கமே. உண்மையை மறைக்காத நாவும், அநீதியைக் கண்டு வாளாவிராத மனமும் சேர்ந்தால்தான் அவ்வறம் நிறைவு பெறும்.