பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

‘பிள்ளையைப் பார்’ என்றால் கண்ணால் காண் என்பது பொருள். ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்றாலோ, காண்பதோடு நில்லாமல் காத்து ஓம்பு என்பது பொருள். ஒரு துணைவினை சேர்ந்ததும் பார்வை பொறுப்பாக மாறிவிடுகிறது. நம் மொழி இவ்வளவு இயல்பாக இணைத்து வைத்திருக்கும் இவ்விரண்டும் வாழ்வில் எப்போதும் இணைந்திருப்பதில்லை. மிகுந்த விழிப்போடு கண்காணிக்கப்படும் இடங்களுள் ஒன்றான சூதாட்டக்கூடத்தில் இப்பிரிவு தெளிவாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அங்குள்ள லாஸ் வேகஸ் நகரின் பழைய கூடங்களில், மேற்கூரைக்கு மேல் ஒடுங்கிய நடைபாதைகள் இருந்தன. ஒருபுறம் மட்டுமே ஊடுருவிப் பார்க்கக்கூடிய கண்ணாடிகளின் வழியே, காவலர்கள் தொலைநோக்கியும் கையுமாக ஆட்ட மேசைகளை நோக்கியபடி நடந்துகொண்டிருப்பார்கள். பின்னர் அவர்களின் இடத்தைக் காமிராக்கள் பிடித்துக்கொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை. ‘வானத்துக் கண்’ என்றே இன்றும் அதனை அழைக்கிறார்கள்.

அந்தக் கண் முதன்மையாகப் பின்தொடர்வது சில்லுகளை. கூடத்திற்குள் வருபவர் தம் பணத்தைக் கொடுத்து, ‘சிப்’ எனப்படும் வட்டச் சில்லுகளைப் பெறுகிறார். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நிறம் உண்டு. விளிம்பிலும் குறிகள் உண்டு. அடுக்கி வைத்த நிலையிலும் எந்தச் சில்லு எத்தனை என்பதைக் காமிரா படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேசைப் பணியாளர் வாங்கும் பணத்தாள்களை மேசைமேல் விரித்துக் காட்டியே எண்ண வேண்டும். சில்லுகளையும் சம அளவான சிறு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியே கொடுக்க வேண்டும். மேசையை விட்டு எழும்போது இரு கைகளையும் தட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பிக் காட்ட வேண்டும். தம் கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்கு அவர் நாள்தோறும் சான்று அளிக்கிறார்.

இதுவும் போதாதென்று, சில்லுக்குள்ளேயே வானொலி அலைகளால் அடையாளம் காட்டும் நுண்கருவியைப் பதிக்கும் முறையும் வந்தது. 2005-இல் திறக்கப்பட்ட ‘வின் லாஸ் வேகஸ்’ விடுதி இத்தகைய சில்லுகளைப் பயன்படுத்தியது. 2010 டிசம்பரில் தலைக்கவசம் அணிந்த ஒருவன் ‘பெல்லாஜியோ’ விடுதிக்குள் துப்பாக்கியுடன் நுழைந்து, ஏறத்தாழ 15 இலட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளைப் பறித்துச் சென்றான். விடுதியோ தன் 25,000 டாலர் சில்லுகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்துவிட்டது. அதன்பின் அவன் கையில் இருந்தவை வெறும் வட்டத் துண்டுகளாகிவிடும் நிலை. அவற்றை விற்க முயன்றபோது, மாறுவேடக் காவலர்களிடமே அகப்பட்டான்.

இவ்வளவு கண்காணிப்பும் தவறு என்று நாம் கூறவில்லை. பந்தயத்தின் முடிவு தெரிந்தபின் கள்ளத்தனமாகச் சில்லை நகர்த்தி வைப்பவர்கள் உண்டு. ‘எனக்குச் சேர வேண்டியதைத் தரவில்லை’ என்று ஆடுபவர் முறையிடும்போது, பதிவைத் திருப்பிப் பார்த்து உண்மையை நிலைநாட்ட முடிகிறது. வீண்பழிக்கு ஆளான பணியாளரையும் அதே பதிவு விடுவிக்கிறது. களவைத் தடுக்கும் கண் தன்னளவில் நல்ல கண்ணே.

ஆயினும் அக்கூடத்தில் இழப்பு ஏற்படக் களவு வேண்டியதில்லை, கணக்கே போதும். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள் உள்ளன. ஒரே எண்ணின்மேல் 1 டாலர் வைத்து வென்றவருக்கு 35 டாலர் பரிசு. வாய்ப்புக்கு நேரான பரிசு 37 டாலர். இந்த 2 டாலர் வேறுபாட்டில்தான் கூடத்தின் வருவாய் இருக்கிறது. நெடுங்காலப் போக்கில், பந்தயம் வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் கூடத்திற்கே சேரும். ஒருவர் எவ்வளவு வைக்கிறார், எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பதை மேற்பார்வையாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அவரிடமிருந்து எதிர்பார்க்கத்தக்க இழப்பைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை இலவச அறையாகவும் விருந்தாகவும் அவருக்கே திருப்பித் தருகிறார்கள். பணத்தைச் சில்லாக மாற்றிய கணத்தில் ஆடுபவர் அதன் கனத்தை மறக்கத் தொடங்குகிறார். கூடம் அதனை மறப்பதே இல்லை.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. ஒரு மனிதர் இரவு முழுவதும் எழாமல் ஆடுகிறார். இழந்ததை மீட்க மேலும் இழக்கிறார். அவர் மனைவிக்கும் தெரியாத அத்தொகை, அவரை உபசரிக்கும் கூடத்திற்குத் தெரியும். தெரிந்தும் வாளாவிருப்பது அறமாகுமா?

‘வந்தவர் அறியாச் சிறுவர் அல்லர், தம் விருப்பத்தால் ஆடுகிறார், இதில் எமக்கென்ன பொறுப்பு?’ என்று கூடம் விடைகூறலாம். இவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. முன்பின் அறியாதவர் அவ்வாறு கூறினால் நாமும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், ஒருவரின் வீழ்ச்சியை நாழிகைதோறும் அளந்து, அந்த அளவைக் கொண்டே அவரை மீண்டும் அழைப்பவர் அறியாதவர் ஆக மாட்டார். அறிவு வளரும்போது பொறுப்பும் வளர்கிறது. பிறர் இழப்பைப் பற்றிய அறிவால் ஒருவர் வருவாயும் பெறுவாராயின், அப்பொறுப்பு இருமடங்காகிறது.

இப்பொறுப்பைச் சட்டத்தில் எழுத முயன்ற நாடுகளும் உண்டு. சிங்கப்பூர் 2006-இல் சூதாட்டக்கூடங்களுக்கான சட்டத்தை இயற்றியது. 2010-இல் இரண்டு கூடங்கள் அங்கே திறக்கப்பட்டன. சூதிலிருந்து விடுபட விரும்புவோர், ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று தாமே பதிவு செய்துகொள்ளலாம். அதற்கும் மேலாக, கணவரோ மனைவியோ, பெற்றோரோ, பிள்ளையோ, உடன்பிறந்தாரோ அவருக்குத் தடை கோரி விண்ணப்பிக்கலாம். தடை கிடைத்தபின் வாயிலிலேயே அடையாளம் சோதிக்கப்பட்டு அவர் திருப்பி அனுப்பப்படுவார். இத்தடையால் எல்லாக் குடும்பங்களும் காக்கப்பட்டுவிடும் என்பதில்லை. எனினும் ஆளை அடையாளம் காணும் ஆற்றல் இங்கே அவரைக் காக்கவும் பயன்படுகிறது. வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மனைவியின் சொல்லுக்கு அக்கூடத்தின் வாயிலில் ஓர் இடம் கிடைக்கிறது.

திருக்குறளில் அரசனுக்குரிய இயல்புகளைக் கூறும் பகுதியில், ஒற்றரைக் கொண்டு அறியும் ‘ஒற்றாடல்’ 59-ஆம் அதிகாரம். அதற்கு முன்னதாக, 58-ஆம் அதிகாரமாக ‘கண்ணோட்டம்’ அமைந்திருக்கிறது. இன்று நாம் ‘நோக்கு’, ‘கருத்து’ என்னும் பொருளில் வழங்கும் அச்சொல், வள்ளுவரிடத்தில் இரக்கத்தோடு ஓடும் பார்வையைக் குறிக்கிறது. அஃதில்லாத கண்ணை அவர் புண்ணாகவே கருதினார். உளவு அறியும் கண் அரசனுக்குத் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. அக்கண்ணைத் திறக்குமுன் அதில் ஈரம் இருக்க வேண்டும் என்று இவ்வரிசை நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

லாஸ் வேகஸ் நமக்குத் தொலைவான ஊர். ஆயினும் எண்ணும் கண் நம் வீடுகளிலும் பணியிடங்களிலும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு தேர்விலும் மகனின் மதிப்பெண்ணைத் தவறாமல் எண்ணும் தந்தை, சில மாதங்களாக அவன் சரியாக உண்பதில்லை என்பதைக் கவனிக்காதிருக்கலாம். தாமதமான நிமிடங்களைக் கணக்கிட்டு ஊதியத்தைப் பிடிக்கும் மேலாளர், அப்பெண் நோயுற்ற தாயை மருத்துவமனையில் விட்டுவிட்டு ஓடி வருவதை அறியாதிருக்கலாம். மதிப்பெண்ணும் வருகைக் கணக்கும் வேண்டாம் என்பதன்று. கணக்கை முடித்து ஏட்டை மூடியபின், ஏட்டுக்கு அப்பால் நிற்கும் முகத்தை ஒருமுறை ஏறிட்டு நோக்கி, ‘என்னம்மா, ஏன் இப்படி வாடியிருக்கிறாய்?’ என்று கேட்க நமக்கு நேரம் இருக்கிறதா? அந்த ஒரு கேள்வியில்தான் பார்ப்பது பார்த்துக்கொள்வதாக மாறுகிறது.