பிழைத்தது மட்டும் போதுமா?



கர்ப்பப்பைப் புற்றுநோயிலிருந்து பிழைத்து ஒரு ஸ்திரீ வீடு திரும்புகிறாள். "உயிர் தப்பினாயே, அது போதாதா?" என்கிறோம். போதுமா என்பதே இவ்வாரம் நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

தம் சகோதரி புற்றுநோயால் மாண்ட துயரத்தை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு ஆஸ்பத்திரி உண்டாயிற்று. இன்று நமக்கு அருகே காஞ்சிபுரம் காரைப்பேட்டையிலும் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. இத்தகைய இடங்களில் பிழைத்து வந்தோர் நம் நடுவே வாழ்கிறார்கள். ஆனால், கதிர்ச் சிகிச்சைக்குப்பின் பிறப்புறுப்பு வறண்டு குறுகலாம். சினைப்பைகளை எடுத்துவிட்டால் இளவயதிலேயே மாதவிடாய் நின்றுபோகும். தாம்பத்திய உறவு நோவாகலாம். அவள் சொல்லக் கூசுகிறாள். அவனோ, நோய் ஒட்டுமென்று அஞ்சி ஒதுங்குகிறான். ஒரகடத்தில் ராத்திரி ஷிப்டு முடித்து வரும் கணவனும், ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளைகளோடிருக்கும் மனைவியும் மனம்விட்டுப் பேசத் தனிமை ஏது? இருவரும் அந்நியராகிறார்கள்.

புற்றுநோய் தாம்பத்திய உறவால் ஒட்டிக்கொள்ளாது. வறட்சிக்கு மருந்துண்டு, குறுகாமல் தடுக்கவும் வழியுண்டு. எப்போது சேர்ந்திருக்கலாம், வலித்தால் அல்லது உதிரம் கண்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்பது வெட்கமன்று.

விவாகத்தின் உரிமையென்று சொல்லி, நோகும் மனைவியை வற்புறுத்துவது அன்புக்கு விரோதம். உறவு கூடாதென்றால் பரிவான வார்த்தையும் தொடுதலும்கூட வேண்டாமென விலகுவதும் அன்புக்கு விரோதமே. மனைவியே, வலியை மறைத்து இணங்குவது தவமென்று எண்ணாதே; உண்மையைச் சொல். மாமியாரே, கர்ப்பப்பை போனதால் மருமகள் குறைந்தவளென்று பேசாதீர். பிள்ளைப்பேறின்மை விவாகத்தைக் கெடுப்பதில்லை என்பதே திருச்சபையின் சட்டம்.

பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வருந்திய ஸ்திரீயை நினையுங்கள். தீட்டுள்ளவளென்று விலக்கப்பட்ட அவள், பின்னால் ஒளிந்து வந்து சேசுநாதரின் வஸ்திரத்தைத் தொட்டாள், அக்கணமே குணமானாள். ஆயினும் அவர் அவளை மௌனமாய்ப் போகவிடவில்லை. தேடி, நின்று, அவள் நடந்ததெல்லாம் சொல்லக் கேட்டு, "மகளே" என்றழைத்தார். நோய் தீர்ந்தது போதுமென்று அவர் எண்ணவில்லை அன்றோ?

ஆகையால் கணவர்களே, அடுத்தமுறை ஒரு நாள் லீவு போட்டாவது மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவள் கேட்கக் கூசுவதை, அவள் சம்மதத்தோடு நீங்கள் கேளுங்கள். பங்குக் குடும்பங்களே, அன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்