துடைப்பம் கைமாறினால் வினை கைமாறுமா?

இல்லறத்தில் இருக்கும் நாம் நாள்தோறும் வீடு பெருக்குகின்றோம், தரை துடைக்கின்றோம். அவ்வேளையில் எறும்பும் சிறு பூச்சிகளும் மடிவதைக் காண்கின்றோம். தூய்மை பேணுதல் கடமையெனில், கொல்லாமை விரதம் அங்கே குறைவுபடாதோ என்னும் ஐயம் நம் குடும்பங்களில் பலருக்கும் எழுவதுண்டு. அது குறித்துச் சிறிது சிந்திப்போம்.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கையில், உயிர் நீங்குவதை மட்டும் கூறாமல், கவனமின்மையால் உயிரை நீக்குவதையே ஹிம்சை என்கின்றது. இவ்வரையறை ஆழ்ந்த பொருளுடையது. நாம் மிதிக்கும் தரைகூட உயிர்த்தொடர்பு அற்றதன்று. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் தொல்கடல் உயிர்களின் ஓடுகள் செறிந்துள்ளன. அக்கல்லே சிமெண்டாகி நம் வீட்டுத் தரையாகின்றது. உயிர்களின் நடுவேதான் வாழ்கின்றோம். ஆதலின் அறம் நம்மிடம் முதலில் கேட்பது விழிப்பே.

விழிப்பு என்பது நடைமுறையில் யாது? அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலரது வீடுகளில் ஓக் முதலிய வன்மரப் பலகைகளே தரையாக உள்ளன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்குக் கறையான் அச்சமில்லை. வீட்டு மரமோ ஈரம் தங்கினால் உப்பும். கறையானுக்கும் இடம் கொடுக்கும். ஆகவே அதனை நீர் கொட்டிக் கழுவலாகாது. பூந்துடைப்பத்தால் பெருக்கி, நன்கு பிழிந்த துணியால் துடைத்து, சிந்திய நீரை உடனே ஒற்றியெடுத்தலே முறை. இதனால் மரமும் நிலைக்கும். பின்னர் நஞ்சிடும் தேவையும் எழாது.

நம் சிமெண்ட் தரைக்கும் இதுவே பொருந்தும். எறும்பு மணத்தடம் பற்றி வருவது. உணவுத் துணுக்குகளை அவ்வப்போது அகற்றி, எறும்புகளை மெல்ல ஒதுக்கியபின் அத்தடத்தைத் துடைத்துவிட்டால், பின்வருவன வழி தவறித் திரும்பும். பகல் வெளிச்சத்தில், பார்த்துப் பெருக்குதல் நன்று.

இனி, மற்றொரு வினா. விரதம் பூண்ட சிலர், தாம் பூச்சிமருந்தைத் தொடுவதில்லை. வேலைக்கு வரும் பெண்மணியிடம் கொடுத்துத் தூவச் செய்து, அடுத்த அறைக்குச் சென்றுவிடுகின்றனர். துடைப்பம் கைமாறியதால் வினையும் கைமாறிவிடுமா? இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர், இல்லறத்தாருக்குரிய அகிம்சை விரதத்தைக் கூறுகையில், மனம், மொழி, மெய்களால் தாம் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே விலக்குகின்றார். ஆகவே ஏவியவர் தப்ப இயலாது. வறுமையால் ஏவலை மறுக்கவியலாத ஒருவர் தலையில் நம் வினையைச் சுமத்தப் பார்ப்பது, கொல்லாமையோடு நேர்மையையும் இழப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. விழிப்புக்கு நேரம் வேண்டும். ஐந்து வீடுகளுக்கு ஓடும் ஒருவரை விரைவுபடுத்திவிட்டு, எறும்பைப் பாராமல் துடைத்தார் எனக் கடிந்துகொள்வது நீதியன்று. அவருக்குக் கால்மணி நேரம் கூடுதலாக அளிப்பதும், அதற்குரிய ஊதியத்தை மனமுவந்து தருவதும், இயன்ற நாளில் துடைப்பத்தை நாமே கையில் எடுப்பதும் இல்லறத்தாரின் அகிம்சையில் அடங்கும்.