இறுதிநாள் பணிவிடை

'இனி நோயைத் தீர்க்க வழியில்லை' என்று மருத்துவர் கூறும்போது இல்லத்தாரின் சேவை முடிந்துவிடுவதில்லை; அது வேறு வடிவம் கொள்கிறது.

அந்தமான் தமிழரை எண்ணிப் பாருங்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து, புற்றுநோய் முற்றிய தாயுடன் மகன் கப்பலேறுகிறான். ஏறத்தாழ மூன்று நாட்கள் கடற்பயணம். பிறகு சென்னை மருத்துவமனை. சிகிச்சை பயனளிக்காமல் தீவுக்குத் திரும்புகையில், 'தாயைக் கைவிட்டுவிட்டேனோ?' என்ற ஐயம் அவனை வாட்டுகிறது.

1885 டிசம்பரில் ஸ்ரீராமகிருஷ்ணர் காசிப்பூர் தோட்ட வீட்டிற்கு வந்தபோது அவரது தொண்டைப் புற்றுநோய் முற்றியிருந்தது. 1886 ஆகஸ்ட் 16-இல் மகாசமாதி அடையும்வரை இளம் சீடர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பணிவிடை செய்தனர். அவர் விழுங்கத்தக்க உணவை அன்னை சாரதாதேவியார் சமைத்தளித்தார். நோய் தீரவில்லை, ஆயினும் அச்சேவை வீண் என்று எவர் கூறுவார்?

நாமும் முறைவைத்தே பணிபுரிவோம். ஒருவரே முழுச்சுமையையும் தாங்கினால் அன்பும் சோர்ந்துவிடும். வலியைப் பொறுப்பதே தவம் என்று நோயாளியை வாடவிடலாகாது. மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படும் மார்ஃபின் முதலிய மருந்துகள் வலியைத் தணிக்கும். இறுதி நாட்களில் உணவு வேண்டாமென்றால் வற்புறுத்தாமல், உலர்ந்த உதடுகளை நனைத்துக்கொடுங்கள்.

மகனே, நீ தாயைக் கைவிடவில்லை. அவளுடைய வீட்டிற்கே அழைத்து வந்திருக்கிறாய். இனி அவள் கையைப் பற்றியபடி அருகில் அமர்ந்திரு. அதுவே வழிபாடு.