அசைவில்லை

"காலை 6.10. அசைவில்லை."

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தம்பி மகன், தன் பறவை நோட்டில் எழுதிய வரி. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் நாகலாபுரம் வீட்டுக் கொல்லையில், கொசுவலைத் துண்டைப் போட்டு ஒரு தேன்சிட்டைப் பிடித்தான். சிறகை அளந்துவிட்டு விடிந்ததும் விட்டுவிடுவதாகப் பேச்சு. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் குண்டூசியால் ஓட்டை போட்டு, அதில் வைத்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன், சும்மா இருந்துவிட்டேன்.

"செத்துப்போச்சுன்னு எழுத வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"பார்த்தத மட்டும்தான் எழுதணும், பெரியப்பா."

அதற்குக் கீழேயே, "சிறகு 5.6 செ.மீ." அழுதுகொண்டேதான் அளந்தான். ஆனால் அளந்தான்.

அந்த வயதில் என்னிடம் உண்டிகோல் இருந்தது. வேதநாராயண சுவாமி கோயில் பக்கம் ஒரு மைனாவை அடித்தேன். கீழே விழுந்து கண்ணை மூடி மூடித் திறந்தது. கூட்டாளிகள் கேட்டபோது, "பறந்துபோச்சுடா" என்றேன். அந்தப் பொய்யை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. "பறந்துபோச்சு", "அசைவில்லை": இரண்டில் எது பெரிய ஒளிவு?

பறவையியலாளர் சலீம் அலியின் கதை நினைவுக்கு வருகிறது. 1908 வாக்கில், சிறுவனாக, காற்றுத் துப்பாக்கியால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததைக் கவனித்தார். மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். அந்தச் செத்த குருவியிடமிருந்துதான் எல்லாம் தொடங்கியது. தன்வரலாற்றின் தலைப்பிலேயே அதன் வீழ்ச்சியை அவர் வைத்துக்கொண்டார். மறைக்கவில்லை என்பதற்காக அவரை மன்னிப்பதா, மறைக்கத் தேவையே படவில்லை என்று கொள்வதா?

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. கடப்பை முட்புதர்க் காட்டில் ராத்திரி நடமாடும் 'கலிவி கோடி'. ஜெர்டன் என்ற இயற்கையியலாளர் கண்டெடுத்து, 1848-இல் அறிவியலில் பதிவான பறவை. 1900-க்குப் பிறகு கண்ணில் படவேயில்லை. அழிந்தது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பரத் பூஷண் என்ற இளம் ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டி விசாரித்தார். 1986 ஜனவரியில் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் உயிரோடு ஒன்றைப் பிடித்துவிட்டார். சில நாளில் அது செத்தது. இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன பறவை, சொன்ன கையோடு போய்விட்டது. பிறகு அந்த இனத்துக்காகச் சரணாலயம் வந்தது. நம் ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தெலுங்கு கங்கைக் கால்வாயே அங்கே பாதை மாறியது.

அந்த ஒன்று செத்ததால்தான் மற்றவை பிழைத்தன என்று சொல்ல வாய் வருகிறது. தேன்சிட்டுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. தெருவுக்குப் பத்து தேன்சிட்டு இருக்கிறது. அதன் சிறகு நீளம் எப்போதோ புத்தகத்தில் ஏறிவிட்டது. ஒருவேளை, அவன் அளந்தே தீரவேண்டியிருந்தது பறவையை அல்ல, தன்னைத்தானோ? அப்படியானால் பையனுக்கு அது என்ன விலை? தெரியவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

இப்போது அவன் ராமகிரிப் பக்கம் விடியற்காலையில் பைனாகுலரோடு போகிறான். எதையும் தொடுவதில்லை. பெட்டியை மட்டும் தூக்கிப்போட வேண்டாம் என்றான். பரணில் இருக்கிறது, குண்டூசி ஓட்டைகளோடு.