பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் செய்தி

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு
எசாயா 35:1-6, 10, யாக்கோபு 5:7-10, மத்தேயு 11:2-11



திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். யோர்தான் ஆற்றங்கரையில் ஊரையே திரட்டி வைத்துப் பேசிய மனிதர், ஏரோதுவின் காவலில் அடைபட்டுக் கிடக்கிறார். அவருக்குள் ஒரு கேள்வி. வரவேண்டியவர் இயேசுதானா, இல்லை இன்னும் வேறு யாருக்காவது காத்திருக்க வேண்டுமா? தம் சீடர்களை அனுப்பி அதை நேரடியாகவே கேட்டுவிடுகிறார்.

இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. திருமுழுக்குக் கொடுத்தவரே இப்படிச் சந்தேகப்படலாமா என்று வருத்தப்படவும் இல்லை. தாம் யார் என்று விளக்கம் சொல்லவும் இல்லை. வந்தவர்கள் அங்கே எதைக் கண்ணால் பார்த்தார்களோ, எதைக் காதால் கேட்டார்களோ, அதை அப்படியே போய் யோவானிடம் சொல்லும்படி அனுப்பி வைக்கிறார். பார்வை இழந்தவர் பார்க்கிறார், நடக்க முடியாதவர் நடக்கிறார், ஏழைக்கு நல்ல செய்தி கிடைக்கிறது. அந்தச் சீடர்கள் சிறைக்கு எடுத்துப்போன பதில் இவ்வளவுதான்.

இந்த நற்செய்தியை வாசித்ததிலிருந்து எனக்கு நம் திருத்தணித் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்தான் நினைவில் நிற்கிறார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நாலு திசையிலும் ஓடுகிறார்களே, அவர்களும் அந்தச் சீடர்களைப் போலத்தான். பார்த்ததையும் கேட்டதையும் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். அவர்கள் போகும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் பேச்சு தெலுங்கு. அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார், அம்மா மேல்மருவத்தூருக்குச் சிவப்புப் புடவை கட்டியிருப்பார். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து உறவுக்காரர்கள் வந்தால் விசைத்தறிக் கதைதான் ஓடும். ஒரு வகுப்பில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வீடுகளுக்குள் பங்குத் தந்தை போவதில்லை. அருள்சகோதரிகளும் ஆண்டுக்கு ஒருமுறை போனால் அதிகம். பிள்ளை தினமும் போகிறது.

டிசம்பர் 3ஆம் தேதி புனித சவேரியாரின் திருநாளைக் கொண்டாடினோம். 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே ஆள் போக முடியாது. அதனால் செபம் கற்றுக்கொண்ட சிறுவர்களை அனுப்பிவைத்தார். அவரே தம் கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். தமிழ் மண்ணில் நம் விசுவாசத்தைப் பல வீடுகளுக்குள் முதலில் எடுத்துப்போனவை பிள்ளைகளின் கால்கள். இதை நாம் போதுமான அளவுக்கு நினைப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தத் திருவருகைக் காலத்தில் நம் வகுப்பறைக்குள் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்? எதைக் கேட்கிறார்கள்?

நல்லதிலிருந்தே தொடங்குகிறேன். சிறு வகுப்பின் சன்னலோரம் போய்ப் பாருங்கள். கொட்டாங்குச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு தெளித்து வைத்திருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் குடிலில் புல் தரை அமைக்க. முளைப்பாரி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு தண்ணீர் விடுவது, எப்போது நிழலில் வைப்பது எல்லாம் அவர்களுக்கே தெரிகிறது. ஆனால் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கும். முளைத்துவிட்டதா என்று தினம் காலையில் விரலால் மண்ணைக் கிளறிப் பார்க்கும். அதனாலேயே அந்தக் கொட்டாங்குச்சி மட்டும் மொட்டையாக நிற்கும். அந்தப் பிள்ளையைத் திட்டாமல் டீச்சர் இன்னொரு கொட்டாங்குச்சியும் ஒரு கை விதையும் கொடுத்ததை நான் பார்த்தேன். இன்றைய இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு, நிலத்தின் விளைச்சலுக்காக முன்மழைக்கும் பின்மழைக்கும் பொறுமையோடு காத்திருக்கும் உழவரைக் காட்டுகிறார். ஏரி நிரம்புமா என்று ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்க்கும் நமக்கு அந்த வாசகம் சட்டென்று புரியும். பிள்ளைக்கு அது அந்த இரண்டாவது கொட்டாங்குச்சியில் புரிந்திருக்கும்.

பலிபீடத்தின் பக்கத்தில் எரியும் திருவருகைக் கால மெழுகுதிரிகளுக்கும் பிள்ளைகள்தான் காரணம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குப் பக்கத்தில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் 1833இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் வந்தாலே கிறிஸ்துமஸ் எப்போது, இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் அவரை நச்சரித்தார்கள். 1839இல் அவர் வண்டிச் சக்கரம் போன்ற ஒரு மர வளையத்தைத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரிகளையும் வைத்தார். நாளுக்கு ஒன்றாக ஏற்றினால் பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களாகிய நாம் அதைப் பின்னாளில் நம் பிரிந்த சகோதரர்களிடமிருந்து பெற்றுக்கொண்டோம். மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம் என்று ஆக்கிக்கொண்டோம். மகிழ்ச்சி ஞாயிறாகிய இன்று அந்த ரோஜா நிற மெழுகுதிரி எரிகிறது. தொல்லை கொடுக்கும் கேள்விக்கு அதட்டலைப் பதிலாகக் கொடுக்காத ஒரு போதகரை நான் அதில் பார்க்கிறேன். யோவானின் சீடர்களிடம் ஆண்டவர் நடந்துகொண்ட விதமும் அதுதானே.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்து பிறப்பு நாடகம்.

எத்தனையோ பள்ளிகளில் பார்த்துவிட்டேன். மரியாவாக நடிக்கச் சிவந்த பிள்ளையைத் தேடுகிறோம். வானதூதருக்கு வெள்ளை கவுனும் ஜிகினா இறக்கையும், அதற்கும் நிறம் பார்க்கிறோம். கறுத்த பிள்ளைக்கு இடையர் வேடம், தலையில் ஒரு துண்டு. பெற்றோர் யார், எந்தத் தெரு என்பதும் சில இடங்களில் சத்தமில்லாமல் கணக்கில் வந்துவிடுகிறது. யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒத்திகையின் முதல் நாளே தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் அது வீட்டுக்கு என்ன செய்தியோடு போகும் என்று நினைக்கிறீர்கள்? கடவுள் மனிதரானார் என்ற செய்தியோடா? நாசரேத்தில் வெயிலில் தண்ணீர் சுமந்த ஒரு யூதப் பெண்ணைச் சலவைக்கல் நிறத்தில் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கற்பனைக்கு நம் பிள்ளைகளின் முகத்தைப் பலியிடுகிறோம். இதைப் பாவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1223இல் கிரேச்சோ என்ற இத்தாலியச் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் முதல் குடிலை அமைத்தபோது என்ன செய்தார் தெரியுமா? ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சிலை எதுவும் இல்லை. அந்தத் தொட்டியின் மேலேயே திருப்பலி நடந்தது. திருத்தொண்டராகிய பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். பந்தம் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் வந்த கிராமத்து மக்கள் எல்லோருமே இடையர்கள். யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை, யாரையும் ஒதுக்கவும் இல்லை. ஆகவே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஆண்டு வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மரியாவுக்குத் தெலுங்கு வாடை வீசும் தமிழ் இருக்கட்டும், யோசேப்புக்கு முன்பல் இல்லாமல் இருக்கட்டும். வசனம் மறந்தால் பக்கத்தில் நிற்கிற இடையர் எடுத்துக்கொடுக்கட்டும்.

அதேபோல் ரகசிய நண்பர் பரிசு. சீட்டு எடுத்து, பெயர் சொல்லாமல் பரிசு கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் கடையில் வாங்கிய பரிசு வேண்டாம். தறிக்கூலியை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளை பரிசு நாளன்று வயிற்றுவலி என்று லீவு போடும். கையால் செய்தது மட்டும் என்று விதி வைத்துவிடுங்கள், போதும்.

இன்னொன்று உண்டு. இதைத் திருத்தணியில் நின்று பேசுகிறவன் சொல்லாமல் போகக்கூடாது.

1888 செப்டம்பர் 5 அன்று, தெலுங்கு பேசும் ஓர் எளிய குடும்பத்தில் இங்கே பிறந்த பிள்ளைதான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்த ஊரில் எழுத்துக் கற்ற பின் அவர் திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளிக்குப் போனார். பிறகு வேலூரில் வூர்ஹீஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. சிறு வயது முதல் பட்டம் வரை அவருக்குக் கிடைத்தது கிறிஸ்தவக் கல்வி. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்ததையும் படிக்க வேண்டும். தம் முன்னோரின் சமயத்தைக் கிறிஸ்தவர்கள் விமரிசித்த விதமும், மிஷன் நிறுவனங்கள் அதை நடத்திய விதமும் ஓர் இந்துவாகத் தம்மைப் புண்படுத்தின என்றும், அந்தச் சவாலே இந்து சமயத்தைத் தாம் ஆழமாகப் படிக்கக் காரணமாயிற்று என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வேடு அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. அந்த ஆய்வேட்டை மனந்திறந்து பாராட்டியவர் அதே கல்லூரியின் கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாணவனைப் புண்படுத்திய சொல்லும் அங்கிருந்துதான் வந்தது, அவனை மதித்த சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. ராதாகிருஷ்ணன் இரண்டையும் மறக்கவில்லை.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில் வெளியிட்டது. நம்மைப் போன்ற ஊரின் பள்ளிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பொருந்தும். வகுப்பில் ஒரு பிள்ளை நெற்றியில் திருநீறோடு குடிலுக்கு நட்சத்திரம் ஒட்டினால், அந்த நட்சத்திரத்தை ஒட்ட உதவுங்கள். திருநீற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஞானிகள் கிழக்கிலிருந்து வந்தபோது யாரும் அவர்களின் சமயத்தை விசாரிக்கவில்லை. வீட்டுக்குள் போனார்கள், பிள்ளையைத் தாயோடு கண்டார்கள். இயேசுவின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவரை முழு மனத்தோடு சொல்லுங்கள், கதையாகச் சொல்லுங்கள், பாட்டாகச் சொல்லுங்கள். அடுத்தவர் தெய்வத்தைத் தாழ்த்தித்தான் அவரை உயர்த்த முடியும் என்ற நிலையில் நம் ஆண்டவர் இல்லை.

டிசம்பர் 31 இரவு இந்தத் திருத்தணி மலையின் 365 படிகளிலும் பஜனை கோஷ்டிகள் படிக்கொரு பாட்டுப் பாடி ஏறும். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழா. அதே இரவு நாம் இங்கே நன்றி வழிபாட்டுக்கும் புத்தாண்டுத் திருப்பலிக்கும் கூடுவோம். ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மலைப் படியில் இருக்கும், ஒன்று இங்கே கோவில் பாயில் இருக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இரண்டும் ஒன்றுக்கொன்று கதை சொல்லும். அந்தப் பேச்சைப் பெரியவர்கள் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

அரையாண்டுத் தேர்வு நெருக்கத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது என்று ஆசிரியர்கள் நினைக்கலாம். உங்கள் சுமை எனக்குத் தெரியும். நான் புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே செய்வதைப் பிள்ளையின் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் இந்த மாதம் பள்ளியில் என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்று கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள். நாடகத்தில் யாருக்கு என்ன வேடம், யார் அழுதார்கள், யாரை யார் கிண்டல் செய்தார்கள், எந்த டீச்சர் தலையில் தடவிக்கொடுத்தார் என்று அது தானாகவே சொல்லும். சொன்னது மனதுக்கு நன்றாக இருந்தால் அந்த டீச்சரைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். உறுத்தலாக இருந்தால் என்னிடமோ தலைமை ஆசிரியையிடமோ வாருங்கள், ஒத்திகை முடிவதற்குள் சரிசெய்துவிடலாம். குடிலுக்கு வைக்கோல் இன்னும் தேவைப்படுகிறது. மாடு வைத்திருக்கிற வீடுகள், எந்தச் சமயத்தவரானாலும், ஒரு கட்டு கொடுத்தனுப்புங்கள்.